ஈயக் கதவைத் திறந்தபோது

நட்சத்திரத்துக்குள் அணுக்கள் எப்படி இணைகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அதற்காக மலைக்கு அடியில், பழைய சுரங்கத்தின் கடைசி அறையில் ஒரு இயந்திரம். அதில் அணுக்களைக் கோடி முறை மோதவிட்டால் என்றைக்கோ ஒன்று இணையும். அப்போது தெறிக்கும் கதிரைப் பிடிக்க ஒரு கருவி, அதைச் சுற்றி ஈயச் சுவர். வெளிக் கதிர் ஒரு துளி கலந்தாலும் மொத்தக் கணக்கும் பாழ்.

இயந்திரத்தை ஓட்டுபவர் அவள் கணவர். வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் நாளைக்கு என்கிறவர், இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளாக நெஞ்சை நீவிக்கொள்கிறார். கேட்டால் வாயு என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், "உனக்கு மிஷின் கிடைச்சிருக்கறதே இந்த மாசம்தான், முடியட்டும்" என்பார். 

நேற்று பேங்க் வேலை என்று லீவு போட்டார். இன்று காலை இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே அணுக்கள் மோதும் தகட்டை மாற்ற ஈயக் கதவைத் திறந்தார். கருவியின் திரையில், ஒன்றுமே வரக்கூடாத இடத்தில், ஒரு கோடு எழுந்தது.

"என்னங்க, எதையாவது தொட்டீங்களா?"

"தொடலையே."

அவள் மேசையைத் துடைத்தாள், கையுறையை மாற்றினாள், புதுத் தகடு கொண்டுவந்தாள். கோடு வளர்ந்தது. ஒரு மாத உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகிவிட்டதே என்று அழுகை வந்தது. அவர் டீ குடிக்கப் போனார். கோடு அப்படியே நின்றது. திரும்பி வந்தார். மறுபடி ஏறியது.

அப்போதுதான் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று நிதானமாகப் பார்த்தாள். கோடு நிற்கும் இடமே அது எந்தப் பொருளின் கதிர் என்று சொல்லிவிடும்: டெக்னீசியம். இதயத்தைப் படம் பிடிக்க ரத்தத்தில் ஏற்றுகிற, கதிர் வீசும் மருந்து. "ஸ்கேன் எடுத்தவர்கள் ஒரு வாரம் உள்ளே வரக்கூடாது" என்று வாசலில் எழுதி ஒட்டியவரே இவர்தான்.

"நேத்து பேங்க்ல ஊசி போட்டாங்களா?"

அவர் கையிலிருந்த தகட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "ஒரு நாள்ல போயிடும்னு சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ரெண்டு குழாய்ல அடைப்பாம். உடனே வந்து படுக்கச் சொன்னாங்க. இந்த வாரம் போகட்டுமேன்னு..."

அவளுக்கு வந்த கோபத்தில் சுவரின் ஈயக் கல் ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பாள், அது கனமாக இல்லாமலிருந்தால். நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பிறகு இயந்திரத்தின் முன் போய் நின்றாள். அதை முழுதாக அணைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"முதல்ல எதை அணைக்கணும்?"

"இடது பக்கம், செவப்பு. ஆனா உன் மாசம்..."

"அடுத்தது?"

ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றாக அணைத்தாள். ஈயக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அவர் அங்கே உட்கார்ந்திருந்த வரை திரையில் அந்தக் கோடு வளர்ந்துகொண்டே இருந்தது. அந்தத் திரையை மட்டும் அவள் அணைக்கவில்லை.