குணலட்சுமி ரீச்சர் சொன்ன ஆங்கிலம்

மருதனார்மடம் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ரியூட்டரி ஒன்றில் குணலட்சுமி ரீச்சர் ஆங்கிலம் படிப்பித்தார். கிடுகுக் கொட்டில், ஆடுகிற வாங்குகள், வெளுத்துப்போன கரும்பலகை. கணவர் சீவரத்தினம் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர் அதைப்பற்றிக் கதைத்துக் கதைத்து அலுத்துப்போயிருந்தது.

அவருடைய பாடங்களில் மாணவர்களுக்குப் பிடித்தது பிறெப்பொசிசன். தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்தில் முன்னால் வந்து நிற்கும் என்று தொடங்குவார். பிள்ளைக்கு, பிள்ளையால், பிள்ளையிடமிருந்து என்று ஒவ்வொன்றாக எழுதி, எதிரே ஆங்கிலத்தை எழுதுவார். எண்பத்தாறாம் ஆண்டு ஒருநாள் ‘வித் எ சைல்ட்’ என்று எழுதினார். பிறகு நடுவிலிருந்த ‘எ’யை விரலால் அழித்தார்.

“இப்ப என்ன கருத்து?”

ஒருவருக்கும் தெரியவில்லை.

“முந்தினது, பிள்ளையோடை வந்தவ. இது பிள்ளைத்தாச்சி. பிள்ளை வயித்துக்கை.”

முன்வாங்குப் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் சண்டை ஊருக்குள் வந்தது. ஷெல்லுக்குப் பயந்து சனம் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது. ரீச்சரும் கணவரும் அங்கேதான் இருந்தார்கள். பக்கத்து ஒழுங்கை மகாதேவியும் இருந்தாள். அவளுடைய புருசன் நெல் அருவிவெட்டுக்குக் கிளிநொச்சி போனவன், பாதை பூட்டியதால் வரமுடியாமல் நின்றுவிட்டான். அவளோடு இருந்தது மகன் மட்டும். பேர் பஞ்சலிங்கம், கூப்பிடுவது பஞ்சன். தவழத் தொடங்கியிருந்தான்.

ஒரு விடியற்காலை மகாதேவி பஞ்சனைத் தூக்கிக்கொண்டு ரீச்சரிடம் வந்தாள்.

“ரீச்சர், உடம்பு நெருப்பாக் கொதிக்குது. பாலும் குடிக்கிறானில்லை. மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்.”

“சந்தியிலை ஆமி நிக்குது பிள்ளை. ஊரடங்கு.”

“நீங்கள் இங்கிலீசிலை கேட்டால் விடுவாங்கள்.”

ஆண்கள் தெருவில் இறங்கினால் சுடுவார்கள் என்று சீவரத்தினத்தை எல்லோரும் மறித்தார்கள். பெண்கள் இருவர் மட்டும் போனார்கள். ரீச்சர் ஒரு தடியில் வெள்ளைத்துணி கட்டிப் பிடித்திருந்தார். மழை தூறியது. மகாதேவி குழந்தையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து மூடி, குனிந்து நடந்தாள்.

காவலரணுக்கு வெகுதூரம் முன்பே “நில்” என்று சத்தம் வந்தது. நின்றார்கள். மண்மூடைகளுக்குப் பின்னால் ஒரு அதிகாரி எழுந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒரு ட்ரக் இயங்கிக்கொண்டே நின்றது. அந்த இரைச்சலுக்கு மேலால் ரீச்சர் கத்தினார்.

“ஷீ இஸ் வித் எ சைல்ட், சேர். வெரி சிக்.”

அதிகாரி காதைக் கொடுத்துக் கேட்டார். மகாதேவியைப் பார்த்தார். பிறகு, எத்தனை மாதம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நைன் மன்த்ஸ்,” என்றார் ரீச்சர். பஞ்சனுக்கு ஒன்பது மாதம்.

அதிகாரியின் முகம் இளகியது. தெருவில் சூடு நடக்கிறது, இந்த நிலையில் நடக்கக்கூடாது, திரும்பிப் போய்ப் படுக்கச் சொல்லுங்கள், மருத்துவ வாகனத்தை நானே அனுப்புகிறேன் என்றார். ரீச்சர் நன்றி சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

“வாகனம் அனுப்புறாராம் பிள்ளை. நடக்கவேண்டாமாம்.”

“ஒழுங்கையளுக்குள்ளாலை, தோட்டத்தாலை விழுந்து போவமே ரீச்சர்? எனக்கு வழி தெரியும்.”

“வேண்டாம். சுட்டுப்போடுவாங்கள். அவர் சொல்லிப்போட்டார், வாகனம் வரும்.”

மகாதேவி ரீச்சரின் சொல்லைக் கேட்டுத் திரும்பினாள்.

ஈரத்துணி போட்டார்கள். மல்லித்தண்ணி பருக்கிப் பார்த்தார்கள். மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. திரும்பவும் வந்தது. அதன் பிறகு அவன் அழவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது, தாயின் மடியிலேயே மூச்சு நின்றது.

கொஞ்ச நேரத்தில் வாகனம் வந்தது. அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. சீருடைக்காரன் ஒருவன் தகரப்பெட்டியோடு இறங்கி விறுவிறென்று மண்டபத்துக்குள் வந்தான். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தான். றப்பர் விரிப்பு, பஞ்சு, கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டுகிற நூல், மடிப்புக் கலையாத வெள்ளைத் துவாய் ஒன்று. அந்தப் பெண் எங்கே, பிரசவ நோ தொடங்கிவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

ரீச்சர் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்.

“என்ன சொல்லுறார் ரீச்சர்?” என்று மகாதேவி கேட்டாள்.

“பிந்திப்போச்சாம். மன்னிக்கட்டாம்.”

அவன் மகாதேவியின் மடியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். ஒன்றும் கேட்காமல் அந்தத் துவாயை எடுத்து ரீச்சரின் கையில் வைத்துவிட்டுப் போனான். பஞ்சனை அதில் சுற்றித்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடக்கினார்கள்.

சண்டை தள்ளிப்போனது. ரியூட்டரி திரும்பத் திறந்தது. ரீச்சருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அந்த ‘எ’ தன் வாயிலிருந்து வந்ததா, இல்லையா? வந்து, ட்ரக்கின் இரைச்சல் அதை விழுங்கியதா? பயத்தில் நாக்கே அதை விட்டுவிட்டதா? கறி கூட்டும்போது அந்த வசனத்தை மெல்லச் சொல்லிப்பார்ப்பார். ஒருதரம் ‘எ’ தெளிவாகக் கேட்கும். அடுத்ததரம் இல்லாமல் போகும். எது அன்று சொன்னது என்று தெரியாது.

“ஆரோடை கதைக்கிறீர்?” என்று சீவரத்தினம் கேட்பார்.

“ஒருத்தரோடையும் இல்லை.”

ஆனால் ஒருத்தரோடும் இல்லை என்று அவருக்கே தோன்றவில்லை. கரும்பலகையில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால், பிள்ளைகளின் சலசலப்புக்குக் கீழே, யாரோ தவழ்கிற சத்தம் கேட்கும். சீமெந்து நிலத்தில் உள்ளங்கை படுகிற மெல்லிய சத்தம். திரும்பினால் வாங்குக் கால்கள்தான். மழை தூறினால் இடுப்பில் ஈரச் சூடு ஒன்று பாரமாக ஏறும். பிறெப்பொசிசன் பாடத்துக்குச் சைக்கிளும் மாடும் உதாரணமாயின. பிள்ளை அந்தப் பலகையில் பிறகு வரவேயில்லை.

காவலரண்களில் கதைக்க ஊரார் அவரைக் கூப்பிட்டால் போவார். “முதல்லை பிள்ளையைத் தூக்கிக் காட்டு,” என்பார் தாய்மாரிடம். “நான் பேந்து கதைக்கிறன்.” அது ரீச்சரின் கெட்டித்தனம் என்று சனம் நினைத்தது.

மகாதேவி அவரை விடவில்லை. “அண்டைக்கு ரீச்சர் இல்லாட்டி அந்த வாகனமும் வந்திராது,” என்று எல்லோருக்கும் சொன்னாள். முருங்கைக்காய் காய்த்தால் முதல் பிடி ரீச்சர் வீட்டுக்கு வந்தது. பாதை திறந்ததும் அவளுடைய புருசன் திரும்பி வந்திருந்தான். தொண்ணூறில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது, மீனாம்பிகை. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்ததும் ரீச்சரின் மடியில்தான் கொண்டுவந்து கிடத்தினாள். ரீச்சர் பிள்ளையை உடனே திருப்பிக் கொடுத்ததைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் ரீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“அவளுக்குச் சொல்லாதையும்,” என்றார் சீவரத்தினம். “உம்மடை பாரத்தை அவளின்ரை தலையிலை இறக்கிறதோ?”

ரீச்சர் கேட்டு நடந்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, வலிகாமச் சனம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழித் தெருவில் மழையும் சனமும். நகரமுடியாமல் நின்ற ஒரு காலைப்பொழுதில், மகாதேவி மீனாவின் கையைப் பிடித்து ரீச்சரின் கைக்குள் வைத்தாள்.

“இவளைப் பிடிச்சிருங்கோ ரீச்சர். இவரின்ரை சைக்கிள் மூட்டை அவிழுது, கட்டிப்போட்டு வாறன். உங்களட்டை எண்டால் எனக்குப் பயமில்லை.”

அந்தச் சொல்லை ரீச்சரால் தாங்கமுடியவில்லை. மகாதேவி திரும்பி வந்ததும், அந்தச் சனத்துக்கு நடுவில் நின்றபடியே சொன்னார். ‘எ’யைச் சொன்னார். ஒன்பது மாதத்தைச் சொன்னார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும், சீருடைக்காரன் உண்மையில் என்ன கேட்டான் என்பதையும் சொன்னார்.

மகாதேவி மகளின் கையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். “இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறியள்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு சனத்தோடு முன்னால் போய்விட்டாள்.

கொடிகாமத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் இரண்டு குடும்பத்துக்கும் இடம் கிடைத்தது. மகாதேவி மற்ற மூலையில் இருந்தாள். பார்ப்பதில்லை, கதைப்பதில்லை. மீனா ஓடி வந்தால் கூப்பிட்டு எடுத்துவிடுவாள். ஒருநாள் தானாகவே வந்து எதிரே குந்தினாள்.

“ஒழுங்கையாலை கொண்டு போயிருந்தால் தப்பியிருப்பானோ?”

“தெரியாது பிள்ளை.”

“அந்த ஆமிக்காரனுக்குச் சரியாக் கேட்டிருந்தால்?”

“அதுவும் தெரியாது.”

“வாகனம் அனுப்பினவன் நல்லாயிருக்கவேணுமெண்டு வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாருக்கு விளக்கு வைச்சனான். இவ்வளவு காலமும்.” மகாதேவி நிலத்தைப் பார்த்தாள். “அவன் வேறை ஆருக்கோ அனுப்பியிருக்கிறான்.”

அவள் எழும்பிப் போனாள்.

கார்த்திகையில் ஒரு வெளிநாட்டு டொக்டர் அந்த மண்டபத்துக்கு வந்தார். தாய்மார் வரிசையில் நின்றார்கள். கதைத்துக் கொடுக்க ஆளில்லை. ரீச்சரைக் கூப்பிட்டார்கள், அவர் எழும்பவில்லை. சீவரத்தினம் சொல்லியும் பாயைவிட்டு அசையவில்லை. மீனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. மகாதேவி வரிசையில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரீச்சரின் பாயடிக்கு வந்தாள்.

“எழும்புங்கோ.”

“என்னாலை ஏலாது மகாதேவி.”

“எழும்புங்கோ ரீச்சர். ஆனால் என்ன சொல்லப்போறியள் எண்டு முதல் எனக்குத் தமிழிலை சொல்லுங்கோ.”

ரீச்சர் எழும்பி நின்றார். பிள்ளைக்கு ஐந்து வயது, மூன்று நாளாகச் சளி, மூச்சு இழுக்கிறது, இராத்திரி காய்ச்சல் காய்ந்தது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மகாதேவி கவனமாகக் கேட்டாள். “பசியுமில்லை எண்டும் சொல்லுங்கோ,” என்றாள். ரீச்சர் அதையும் சேர்த்துத் திரும்பச் சொன்னார்.

“ம். வாங்கோ போவம்.”