மருத்துவிச்சி மாமியின் கை

எங்கள் ஊர் வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருந்தது. ஆமி, அதுதான் இராணுவம், வருகிறது என்று செய்தி வந்தால் ஊர்ச்சனம் தோணி ஏறிக் கிழக்குக் கரைக்குப் போய்விடும். எட்டு வயதுக்குள்ளேயே எனக்கு அது பழகிப்போயிருந்தது. எழுந்து நடக்க முடியாதவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. ஒருமுறை அப்படி ஓடியபோது, தனியே விடப்பட்ட ஒரு கிழவர் குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு என் சின்னம்மா ஓர் ஏற்பாடு சொன்னாள். ஊர் ஓடும்போது படுக்கையில் கிடப்பவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து ஒரே அறையில் கிடத்த வேண்டும். ஒருவர் அவர்களோடு நிற்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நிற்பதற்கு மட்டும் யாரும் முன்வரவில்லை. ஆகவே சின்னம்மாவே நின்றாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அடுத்தமுறை ஊர் ஓடிய அன்று அறையில் நான்கு பேர் கிடந்தார்கள். பாரிசவாதத்தில் பேச்சிழந்த மூத்தப்பா, அதாவது சின்னம்மாவின் தகப்பன். கண்ணும் தெரியாமல் நடமாட்டமும் ஓய்ந்துபோன கிழட்டு அண்ணன் தம்பி இருவர். இடுப்பு முறிந்த மருத்துவிச்சி மாமி. ஊரில் பாதிப்பேரைப் பிரசவம் பார்த்து எடுத்தவர் மாமி. பெரிய சுத்தக்காரி. பாயில் வைத்துத் துடைக்க யாரையும் விடமாட்டார். சின்னம்மாவின் தோளைப் பிடித்து, வலியில் பல்லைக் கடித்தபடி மலசலகூடம் வரை இழுபட்டுப் போய் வருவார்.

மூத்தப்பாவின் தலையணையைக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா தோணித்துறையிலிருந்து என்னை அனுப்பினாள். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஹெலிகொப்டர் ஊருக்கு மேலே வந்துவிட்டது. சனம் பதறித் தோணிகளைத் தள்ளியது. நான் துறைக்கு ஓடி வந்தபோது தோணி வெகுதூரம் போயிருந்தது. அம்மா அதில் எழுந்து நின்று கைகளை விரித்துக் கத்துவதும், அப்பா அவளை இழுத்து இருத்துவதும் தெரிந்தன. சத்தம் மட்டும் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன்.

மத்தியானம் சந்திப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு நாய்கள் குரைத்தன. சின்னம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டியைப் போடப் போனாள்.

"பூட்டாத புள்ள," என்றார் மாமி. "பூட்டினா உடைச்சிக்கொண்டு வருவாங்க. துறந்து விட்டிட்டு இஞ்ச வா."

கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளிவரச் சொல்லி என்னை அனுப்பினார். அதை வாங்கிச் சின்னம்மாவின் தலையிலும் முகத்திலும் அப்பினார். தன் பழஞ்சேலை ஒன்றை அவளுக்குச் சுற்றிக்கொள்ளக் கொடுத்தார்.

"சுவர்ப்பக்கம் திரும்பிப் படு. அவங்க வந்தா இருமு. அதுக்கு முதல் என்னய வாசலுக்கு இழுத்து விடுங்க."

நானும் சின்னம்மாவும் மாமியைப் பாயோடு இழுத்து வாசலுக்குக் குறுக்கே விட்டோம். சின்னம்மா போய்ப் படுத்தாள். நான் மூத்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வடிந்துகொண்டிருந்தது.

திடீரென்று நாற்றம் அடித்தது. மாமி பாயிலேயே வெளிக்குப் போயிருந்தார். அதோடு விடவில்லை. கையால் எடுத்துச் சேலையிலும் பாயிலும் பூசிக்கொண்டிருந்தார். மாமிக்கு மூளை பிசகிவிட்டது என்று நான் பயந்துபோனேன்.

சப்பாத்துச் சத்தம் விறாந்தையில் ஏறியது. மூன்று பேர். முன்னால் வந்தவன் வாசலில் நின்று மூக்கைப் பொத்தினான். மாமி அந்தக் கையை அவன் காலை நோக்கி நீட்டினார்.

"தண்ணி, மகன். கொஞ்சம் தண்ணி."

அவன் பின்னால் எட்டு வைத்தான். மற்றவன் கழுத்தை நீட்டி விரலால் எண்ணினான். விரல் ஐந்தாவது ஆளிடம் வந்து நின்றது. சின்னம்மா இருமினாள். அவன் என்னையும் பார்த்தான், வெகுநேரம். பிறகு தங்கள் மொழியில் ஏதோ சொன்னான். மூன்று பேரும் இறங்கிப் போனார்கள்.

சத்தம் முழுதாக அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு சின்னம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து மாமியைக் கழுவினாள். மாமி கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சின்னப்புள்ளய வெளிய அனுப்பு கா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தோணிகள் திரும்பின. அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சொல்வதற்கு என்னிடம் பெரிய புதினம் இருந்தது. "அம்மா, மருத்துவிச்சி மாமி பாயிலேயே போயிட்டா!" என்று சிரித்தேன். அம்மாவும் சிரிப்பாள் என்று நினைத்து, மாமி கையால் பூசியதையும், சின்னம்மாவுக்குச் சாம்பல் அப்பியதையும், அவளைச் சுவர்ப்பக்கம் படுக்கவைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அம்மா என் வாயில் ஓர் அடி போட்டாள். பிறகு உள்ளே போய் மாமியின் பாயருகே குந்தி, அவருடைய கையை எடுத்துத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கழுவிய கைதான் என்றாலும், பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அருவருப்பாக இருந்தது.