பூட்ஸ் இல்லாத பேச்சிராஜா

லிஃப்டில் மாட்டிக்கொண்டால் இந்தியக் கால்பந்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு வெளியே வரலாம் என்ற வசதி, பம்பாயில் செம்பூர்க்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. பேச்சிராஜா அண்ணாச்சி அங்கேதான் முப்பது வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார். வீடு தாராவியில், எங்கள் சந்தில். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது கத்தினால், உள்ளே இருப்பவருக்குத் தைரியம் வரட்டும் என்று, ஸ்பேனரும் கையுமாக வெளியே நின்றபடி ஹிந்தியில் ஆரம்பித்துவிடுவார். 1951, டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 56, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 62, ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று மறுபடியும் தங்கம். 64, ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம். அந்தக் கோப்பையில் மொத்தம் நாலு டீம்தான் ஆடியது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

லிஃப்ட் சீக்கிரம் சரியாகிவிட்டால் உள்ளே இருந்தவர் தேசப்பற்றோடு வெளியே வருவார். நேரமாகிவிட்டால்தான் சங்கடம். எழுபதில் வாங்கிய வெண்கலத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. 2011 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. 2019-இல் தாய்லாந்துக்கு நாலு கோல் போட்டுவிட்டு, கடைசி ஆட்டத்தில் கடைசி நிமிஷப் பெனால்டியில் வீட்டுக்குத் திரும்பியது. 2024 ஜனவரியில் மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. இதுவரைக்கும் கேட்டுவிட்டு வெளியே வந்த ஒரு குஜராத்தி அம்மாள், அடுத்த ஒரு மாதம் ஆறு மாடியும் படியேறியே போனாராம்.

ஆனால் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரே ஒரு வருடத்தைப் பற்றிப் பேசும்போதுதான். 1950. பிரேசிலில் உலகக் கோப்பை. எதிரணிகள் எல்லாம் விலகிக்கொண்டதால் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே இந்தியா தகுதி பெற்றுவிட்டது. பெற்றும் போகவில்லை. நம் ஆட்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள், பூட்ஸ் போட்டால்தான் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் போகவில்லை என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் போதும். அண்ணாச்சி கட்டிங் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

"யாருவே சொன்னா ஒமக்கு? பூட்ஸ் இல்லியாம், பூட்ஸ்! ஒரு கவர்மெண்டால பதினோரு ஜோடி பூட்ஸ் வாங்க முடியாதாவே? அதெல்லாம் பெறவு கட்டிவிட்ட சால்ஜாப்பு. போவதுக்கு மனசு இல்ல. அம்புட்டுத்தான்."

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் சந்தில் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லப்படுகிற கதையும் அதேதான். 1987-இல், பத்தொன்பது வயதில், இந்திய இளைஞர் அணிக்கு ஆள் எடுக்கும் முகாமுக்கு அவருக்குக் கடிதம் வந்தது. கூப்பரேஜ் மைதானத்தில் பத்து நாள். தாராவியிலிருந்து அப்படி ஒரு கடிதம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனால் போகவில்லை. ஏனென்று கேட்ட கோச்சிடம், "பூட்ஸ் இல்ல சார்" என்றார். கோச் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாராம். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க அழுதது. அன்றிலிருந்து அவர் பூட்ஸ் இல்லாத பேச்சிராஜா. அந்தப் பேச்சு வரும்போது மட்டும் அண்ணாச்சி டீயைக் கீழே வைக்கமாட்டார். சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

சந்தில் அந்தக் காலத்திலும் சரி, இப்போதும் சரி, வீட்டுக்கு வீடு தோல் வேலைதான். மழைக்காலத்தில் சோற்றிலேயே தோல் வாடை அடிக்கும். இவ்வளவு தோலுக்கு நடுவே ஒருத்தனுக்கு எப்படி ஒரு ஜோடி பூட்ஸ் இல்லாமல் போனது என்று முப்பத்தெட்டு வருடமாக யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சோகக் கதை என்றால் நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

போன டிசம்பரில் எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் சங்கத்துக்குப் பொன்விழா. இந்திய அணி சிங்கப்பூரிடம் தோற்று, அடுத்த ஆசியக் கோப்பைக்கும் போக முடியாது என்று ஆகி, பங்களாதேஷிடமும் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பியிருந்த சமயம். கால்பந்துக்காரர் ஒருவரைப் பாராட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று கமிட்டி முடிவு செய்தது. மேடையில் அண்ணாச்சிக்குப் பொன்னாடை, ஷீல்டு, அப்புறம் ஒரு ஜோடி பூட்ஸ். பூட்ஸ் என் யோசனை. ஷீல்டில் பொறிக்கும் வாசகமும் என்னுடையதுதான்: 'காலணியின்றிக் கனவிழந்த கால்பந்து வேங்கை.' எழுதிவிட்டு நாலைந்து முறை நானே வாசித்து ரசித்தேன். இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பூட்ஸைக் கடையில் வாங்கினால் நன்றாக இருக்காது, நம் சந்திலேயே தைத்ததாக இருக்கட்டும் என்று ஜெயினுலாப்தீன் பாயிடம் போனேன். பாய் அண்ணாச்சியின் சின்ன வயசுக் கூட்டாளி. தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள். பாயின் பட்டறையில் பதினைந்து மெஷின் ஓடுகிறது. லேப்டாப் பை, பெல்ட், பர்ஸ் எல்லாம் துபாய் வரைக்கும் போகும். செருப்பு, ஷூ மட்டும் தைக்கமாட்டார். அது குர்லாக்காரர்கள் வேலை என்று ஒதுக்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"பாய், பேச்சிராஜா அண்ணாச்சிக்கு மேடையில ஒரு ஜோடி பூட்ஸ் குடுக்கணும். நீங்கதான் தச்சுத் தரணும். சைஸ் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

பாய் தோல் வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஏழு" என்றார். "வலது கால்ல சுண்டுவெரல் பக்கம் அரை நூல் அளவு கூடுதலா விடணும்."

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. "அது எப்படி பாய் ஒங்களுக்கு..." என்று இழுத்தேன்.

அப்போதுதான் கத்தியை வைத்தார். "லெட்டர் வந்த அன்னைக்கே அவன் பாதத்த பேப்பர்ல வரைஞ்சு எடுத்தேன் தம்பி. அப்ப நான் வேலை படிச்சுக்கிட்டு இருந்த பய. சோர் பஜார்ல ஒரு பழைய பூட்ஸ் வாங்கியாந்து, அதப் பிரிச்சுப் போட்டு, எப்பிடித் தைச்சிருக்கான்னு பாத்துப் பாத்து, மூணு வாரத்துல ஒரு ஜோடி முடிச்சேன். ஆணிக்குக்கூட தோலத்தான் அடுக்கி அடிச்சேன். போட்டுப் பாத்துட்டு, பறக்கலாம் போல இருக்குலேன்னான். பெறவு ஒருநாள் டீக்கடையில நிக்கேன், பேச்சிராஜாவுக்கு பூட்ஸ் இல்லியாமேன்னு எங்கிட்டயே ஒருத்தன் சொல்லுதான்."

"நீங்க கேக்கலையா?"

"நான் என்னத்தக் கேக்க? தச்சது சரியில்லையோன்னு மொதல்ல எனக்கே சந்தேகம். அதுக்கு மேல ஷூ தைக்கக் கை வரல. எங்க போனான், ஏன் போனான் எல்லாம் தெரியும். அத அவன் வாயால சொல்லட்டும்னு இருக்கேன். கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி." மறுபடியும் கத்தியை எடுத்தார். "தச்சுத் தாரேன். போங்க."

நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி டிவியை அணைத்தார். அவர் மனைவி ஆறுமுகத்தாய் மதினி ஏணியைப் போட்டு, மாலா என்று நாங்கள் சொல்கிற பரணில் ஏறி, தீபாவளிப் பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். உள்ளே ஒரு ஜோடி கறுப்புப் பூட்ஸ். அடியில் ஒரு புல் ஒட்டிய அடையாளம்கூட இல்லை.

"கல்யாணம் ஆயி வந்த மாசமே பாத்துட்டேன்" என்றார் மதினி. "பூட்ஸ் இல்லாத மனுசனுக்கு வருசா வருசம் பூட்ஸ்க்கு எண்ணெ போட்டு வைக்கேன்."

"பெறகு ஏன் அண்ணாச்சி போகல?"

"அதச் சொன்னா காறித் துப்புவாவ" என்றார் அண்ணாச்சி. பூட்ஸைத் துணிப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டே, "விழாவக் கேன்சல் பண்ணிரலாமாவே?" என்று கேட்டார்.

"ஷீல்டு அடிச்சாச்சு அண்ணாச்சி" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் முப்பத்தெட்டு வருடப் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் ஷீல்டைப் பற்றிப் பேசினேன்.

விழா அன்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அத்தனையும் எங்கள் திருநெல்வேலிச் சனம். பாய் முதல் வரிசையில், வெள்ளைச் சட்டையில், மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் மாட்டுங்கா வைத்தீஸ்வரன் சார், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவர் மைக்கைப் பிடித்ததும் நேராக 1950-க்குப் போய்விட்டார். "பூட்ஸ் இல்லாத ஒரே காரணத்தால் அன்று நம் தேசம் உலகக் கோப்பையை இழந்தது. பூட்ஸ் இல்லாத ஒரே காரணத்தால் பேச்சிராஜா தேசத்தை இழந்தார்." கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். கீழே வைப்பதற்குக் கையில் டீ இல்லாத குறைதான்.

பாய் மேடைக்கு வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார். போட்டுக் காட்டச் சொல்லிக் கூட்டம் கத்தியது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டி, கயிறு கட்டி, மைக் முன்னால் வந்தார்.

"48-ல லண்டன் ஒலிம்பிக்ல பாதிப் பேரு வெறுங்கால்லதான் ஆடுனாங்க. பிரான்ஸ்கிட்ட ரெண்டுக்கு ஒண்ணு. கெடச்ச ரெண்டு பெனால்டியையும் விட்டாங்க. அப்பக்கூட யாரும் பூட்ஸ் மேல பழி போடல. 50-ல, செலவு நாங்க பாத்துக்கிடுதோம் வாங்கன்னு பிரேசில்காரன் கூப்புட்டான்னுகூடச் சொல்லுதாங்க. நம்மாளு போவல. ஒலிம்பிக்குதான் பெருசு, வேர்ல்டு கப்பு என்ன பெரிய வேர்ல்டு கப்புன்னு நெனச்சான். அடுத்த தடவ போய்க்கிடலாம்னு நெனச்சான். எழுபத்தஞ்சு வருசம் ஆச்சு, அடுத்த தடவ வரல." காலில் இருந்த பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். இது எனக்கு ரெண்டாவது ஜோடி. மொத ஜோடியும் ஜெய்னு தச்சதுதான். நல்லா இருந்துச்சு. இன்னும் வீட்டுல இருக்கு."

பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு அம்மா, "பெறவு ஏன் போவல?" என்று கேட்டார்.

"ஊருல அம்மன் கோயில் கொடை. முகாம் நடந்த அதே மே மாசம். மார்ச்சுலயே ரெண்டு நாள் வி.டி. ஸ்டேஷன்ல வரிசையில நின்னு டிக்கெட் எடுத்திருந்தேன். டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிருச்சு."

"மெட்ராஸ் வரைக்குமா?" என்றார் அந்த அம்மா.

"மெட்ராஸ் மெயிலும் கன்ஃபர்ம். எழும்பூர்லருந்து நெல்லை எக்ஸ்பிரஸும் கன்ஃபர்ம்."

துப்புவார்கள் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மே மாசத்தில், கொடைத் திருவிழா நேரத்தில், இரண்டு ரயிலும் கன்ஃபர்ம் என்றால் என்னவென்று அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். "அப்பம் போவத்தானே செய்யணும்" என்றார் ஒருவர். "ரெண்டு ரயிலயும் எவனாவது விடுவானா?" என்றார் இன்னொருவர். வைத்தீஸ்வரன் சார்கூட என் பக்கம் சாய்ந்து, "மே மாசத்துல ரெண்டு கனெக்ஷனும் கன்ஃபர்ம்டா? அப்புறம் அந்த மனுஷன் என்ன ஸார் பண்ணுவார்?" என்று கிசுகிசுத்தார். பூட்ஸ் இல்லை என்றபோது விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல் விழுந்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் சந்தில் ஒருவர்கூட அவரைத் திட்டியிருக்கமாட்டார். தேவையே இல்லாத ஒரு பொய்யை அந்த மனுஷன் முப்பத்தெட்டு வருடம் சுமந்திருக்கிறார்.

கைதட்டாமல் இருந்தவர் பாய் ஒருவர்தான். ஷீல்டோடு காத்திருந்த என்னைத் தாண்டி, அண்ணாச்சி பூட்ஸ் காலோடு படியிறங்கிப் போனார். சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று சத்தம். பாய் முன்னால் போய் நின்றார்.

"லே ஜெய்னு. தப்புதாம்ல."

பாய் குனிந்து, வலது பூட்ஸில் சுண்டுவிரல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இறுக்கிப் பிடிக்குதால?"

"இல்லல. சரியா இருக்கு."

"பொய் சொல்லாத."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் பிடிக்கத்தாம்ல செய்யுது" என்றார்.

"நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டா" என்றார் பாய். "பிரிச்சுத் தச்சுத் தாரேன்."