மிளகுக்குத் திறந்த தகரம்

கொரோனா வந்த வருஷம் எங்கள் லைன் வீடுகளைச் சுற்றித் தகரம் அடித்து அடைத்தார்கள். கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்கு மேலே எஸ்டேட்டுக்குள், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலிக்காரர் வீடுகள். அப்பாவை ஆம்புலன்ஸில் சேலத்துக்கு ஏற்றிப் போன அன்றைக்கே ஆணி அடித்தாயிற்று. அடைத்தது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அப்பா மூச்சுக்குத் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிவது அதற்கில்லை.

அம்மா தகரத்துக்கு உள்ளே நின்று சுகாதார ஆபீசரைக் கூப்பிட்டாள். “ஏனுங்க சார், ஒருவாட்டி அவரக் கண்ணுல பாத்துட்டு வந்தர்றனுங்க.”

“அத்தியாவசியம்னா மட்டுந்தாம்மா விடமுடியும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

தோட்டத்தில் அப்போது மிளகு பழுத்திருந்தது, விட்டால் உதிர்ந்துவிடும். இரண்டொரு நாளில், ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் வந்து பின்பக்கத்துத் தகரம் ஒன்றைக் கழற்றினார். காய்ச்சல் இல்லாதவர்கள் மிளகு பறிக்க வரலாமாம். தோட்ட வேலை அத்தியாவசியமாம், மேலே பேசியாயிற்றாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அம்மா அவரிடம் கேட்டாள். “மொளகு அத்தியாவசியமுங்க. எங்கூட்டுக்காரரு இல்லீங்களா?”

“நொம்பப் பேசாத. ஏணிய எடு” என்றார் ரைட்டர்.

அம்மா எடுத்தாள். அடுப்பு எரிய வேண்டுமே. தகரம் கழன்றதில் சின்னப்பிள்ளை எனக்கோ ஒரே கும்மாளம். நாளைக்கு அப்பாவைப் பார்க்கப் போகலாம் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆஸ்பத்திரிச் செய்தி ரைட்டரின் போனுக்குத்தான் வரும். ஒருநாள் சாயங்காலம், பறித்த மிளகை எடை போட்டு முடித்த பிறகு, அவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காலையிலேயே தெரியுமாம். வேலை கெட்டுப்போகும் என்று வைத்திருந்தாராம், பாவி. அம்மா வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அழவில்லை.

“அப்பா எப்பம்மா வருவாரு?” என்று கேட்டேன்.

என்னைப் பார்க்காமலே சொன்னாள். “அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்களாம் கண்ணு.”

பள்ளிக்கூடத்தில் அடக்கமாக இருந்தால் சீக்கிரம் வீட்டுக்கு விடுவார்கள். அப்பாவையும் அடக்கமாக இருக்க வைத்திருக்கிறார்கள், இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.