காவல் கோபுரத்தில் குறைந்த ஒரு படி

மலைக் கோபுரத்தின் காவலாளி, ஓய்வு பெற்ற கையோடு அதன் படிகளில் ஒன்றைத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று கடைத்தெருவில் பேச்சு. படியை எப்படித் திருடுவது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் படி என்பதில்தான் கருத்து வேறுபாடு.

விசாரிக்கப் போனேன். மனிதர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த குடையைத் தைத்துக்கொண்டிருந்தார். மலை முகட்டில் ஓடும் பழைய எல்லைச் சுவரில், எதிரி வருகிறானா என்று பார்க்கக் கட்டிய கல் கோபுரம் அது. முப்பத்தோரு வருடம் காலையில் திறந்து மாலையில் பூட்டியிருக்கிறார். எதிரி வரவில்லை. சுற்றுலாப் பயணிகள் வந்து சுவரில் பெயர் எழுதினார்கள், இவர் அழித்தார்.

ஓய்வு பெறும் நாளில், பதிவேட்டில் உள்ளதையெல்லாம் புதிய காவலாளி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் ஓய்வூதியக் காகிதம் நகரும். பூட்டு இருந்தது. விளக்குமாறு இருந்தது. ‘படிகள்: 212’ என்றும் எழுதியிருந்தது. புதியவர் சிரத்தையானவர். ஏறும்போது எண்ணினார், இறங்கும்போது எண்ணினார். இரண்டு தடவையும் 211.

“ஒண்ணு குறையுதே சார். நான் எப்படி வாங்கிக்கிறது? நாளைக்கு என் தலையில இல்ல விடியும்.”

ஆதியில் எண்ணியவர் மூச்சு வாங்கியதில் ஒன்றைக் கூட்டிப் போட்டிருப்பார் என்று இவர் வாதாடிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நீங்கள் எண்ணவே இல்லையா என்று புதியவர் கேட்டார். எண்ணிக்கொண்டு ஏறினால் கால் வலிக்கும் என்று இவர் உண்மையைச் சொன்னார். அலுவலகத்துக்கு எழுதினார்கள். பதிவேட்டைத் திருத்த விதியில்லை, இருப்பைச் சரிசெய்யவும் என்று பதில் வந்தது.

நான்கு மாதம் ஓய்வூதியம் வரவில்லை. வீட்டில் மனைவியின் பேச்சும் வரவில்லை.

ஐந்தாம் மாதம், பக்கத்து வீட்டு அண்ணியின் துணி துவைக்கிற கல்லை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார். நீளம், அகலம் கச்சிதம். அண்ணியின் கணவரும் இவரும் அதைக் கோணியில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கிப் போனார்கள். பார்த்தவர்கள் கல்லைக் கவனித்தார்கள், திசையைக் கவனிக்கவில்லை. கோபுர வாசலில், முதல் படிக்கு முன்னால் பதித்தார்கள். புதியவர் எண்ணினார். கையெழுத்துப் போட்டார். ஓய்வூதியம் வந்தது.

ஒரு வாரம் கழித்துக் கல்லை எடுக்கப் போனால், அது சர்க்கார் சொத்து என்று புதியவர் தொடவிடவில்லை. வழிகாட்டிகள் இப்போது அதன் தேய்மானத்தைக் காட்டி, வீரர்கள் வாள் தீட்டிய இடம் என்கிறார்கள். இவர் அண்ணிக்கு வேறு கல் வாங்கித் தந்தாராம். அதில் அழுக்குப் போகவில்லை என்று அண்ணி திருப்பிவிட்டார்.

நான் கிளம்பும்போது அந்த அண்ணியே வாளியோடு வந்து நின்றார்.

“ஒரு வாரம்னு சொன்னீங்க தம்பி. எட்டு மாசமாச்சு. நான் என்ன, துணிமூட்டையைத் தூக்கிட்டு மலைக்கா போறது?”

அவர் தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்தார்.

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி.”