எதிர் முனை

பிக்கப் வண்டிக்குள் கூரைத் துணியை ஒட்ட நான்கு கைகள் வேண்டும். இரண்டு கைகள் ஒட்டிக்கொண்டே வரும். மற்ற இரண்டும் எதிர் முனையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்து, ஒட்டுகிறவரின் வேகத்துக்கு ஏற்ப விரற்கடை விரற்கடையாக இறக்கிக் கொடுக்கும். எங்கள் தெருமுனைக் குஷன் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக எதிர் முனையைப் பிடித்தவர் குஷன்காரர். ஒட்டியவர் அவர் மனைவி. அவரை எங்கள் வீட்டில் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

ஊருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அத்தை தையல் மெஷினோடு உள்ளே இருப்பார். குஷன்காரர் வாசலில் நின்று வருகிறவர்களிடம் வாயடிப்பார். அதனால் சீட்டு நன்றாக வந்தாலும் கூரை நன்றாக வந்தாலும் பெயர் அவருக்குத்தான். "உங்க கை கைதாண்ணே" என்பார்கள். அவரும் மறுக்க மாட்டார். "கையில என்னப்பா இருக்கு, எல்லாம் வாய்தான்" என்பார். அது தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

போன வருடம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சுண்டு விரல். பிறகு மணிக்கட்டு. டாக்டர் பார்த்துவிட்டு, இது போகாது, வேகமாக ஏறாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாத்திரை எழுதினார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவர் அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். கத்திரியை வாங்கிக்கொள், சுத்தியலை வாங்கிக்கொள், எதிர் முனையை மட்டும் என்னிடமிருந்து வாங்கிவிடாதே என்று. யார் வாங்கப் போகிறார்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார். எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அத்தை அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, வெகுநேரம் முந்தானையில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு அவருக்கு டீ அரை டம்ளர்தான் வரும். "இவளுக்கு வயசாக வயசாகக் கஞ்சத்தனம் கூடுது" என்று எல்லோரிடமும் புகார் சொல்வார். அரை டம்ளர் ஏன் என்று அவருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் பைக் சீட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியின் கூரைத் துணி மொத்தமாகத் தொங்கிப்போய் அவர் தலையை மூடியிருந்தது. குண்டூசி குத்திப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை.

"யாருக்குப் பயந்துப்பா இந்த முக்காடு? மாமியார் வந்திருக்காங்களா?" என்றார் குஷன்காரர்.

"சிரிங்கண்ணே. ஒரு கையால துணியைத் தூக்கிக்கிட்டு ஒரு கையால ஓட்டுறேன். கியர் போட மூணாவது கைக்கு எங்க போவேன்?"

மூன்று மணிக்கு அவருக்கு லோடு இருந்தது. அதற்குள் வண்டி வேண்டும். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார். நாளைக்கு என்றால் வேறு கடை பார்க்கிறேன் என்றார் வண்டிக்காரர். வேறு கடை என்ற சொல் குஷன்காரருக்கு ஆகாது. "மூணு மணிக்கு வா, வண்டி நிக்கும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அத்தையின் முகம் ஏன் சுருங்கியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வெயில் மறைப்பு, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் அத்தைதான் கழற்றினார். திருகாணிகளைக் குஷன்காரர் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டார். தட்டில் அவை ஓயாமல் கிலுகிலுத்தன. பிறகு இரண்டு பேருமாகக் கூரை அட்டையை மடங்காமல் கதவு வழியாகச் சாய்த்து வெளியே எடுத்தார்கள். பழைய துணியின் முதுகிலிருந்த ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் வெயில் குடித்துப் பொடியாகி, துரு நிறத்தில் பிசுபிசுவென்று அட்டையில் அப்பியிருந்தது. அது போகும்வரை அத்தை பிரஷ் போட்டுத் தேய்த்தார். ஒரு நகக்கண் அளவு பழைய பொடி இருந்தாலும் புதுத் துணி அந்த இடத்தில் தொப்பை போட்டுவிடும். தேய்த்து முடித்தபோது அவர் புருவமெல்லாம் துரு நிறம்.

அட்டைக்கும் துணியின் முதுகுக்கும் பசை அடித்தார்கள். பசை உடனே ஒட்டக் கூடாது. தொட்டால் விரலோடு வராமல், விரலை விடவும் மனமில்லாமல் இருக்கிற பதத்துக்குக் காய வேண்டும். அதற்குப் பிறகு துணி அட்டையைத் தொட்டால் தொட்டதுதான். இழுத்தால் ஸ்பாஞ்ச் கிழிந்து துணி தனியாக வந்துவிடும்.

அத்தை நடுவிலிருந்து ஆரம்பித்தார். உள்ளங்கையால் நீவி நீவி ஓரத்துக்குக் கொண்டுபோனார். முதல் பாதி ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்தது. இரண்டாவது பாதிக்கு எதிர்ப்பக்கம் குஷன்காரர் இரண்டு கைகளிலும் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தார். வலது கை நடுங்காமலிருக்க முழங்கையை விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். உதட்டைக் கடித்திருந்தார். துணி முழுவதும் மெல்லிய அலை ஒன்று போய்க்கொண்டேயிருந்தது. அத்தை தலை தூக்கவே இல்லை. அவர் பக்கம் பார்த்தால் அவர் கை இன்னும் ஆடும் என்று தெரிந்தவர்போல வேலையிலேயே கண்ணாக இருந்தார்.

இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. வலது கை ஒருமுறை வெட்டி இழுத்தது. துணி நழுவிக் கோணலாகப் போய் அட்டையில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

குஷன்காரர் குனிந்து ஒரு ஓரத்தைத் தூக்கப் பார்த்தார். ஸ்பாஞ்ச் கிழிகிற சின்னச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டார்.

அத்தை சுவரில் மணியைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். வண்டிக்காரர் வர இரண்டேகால் மணி நேரம். கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து சுருட்டி வைத்த துணி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அதே சாம்பல் நிறம். அதே நீளம். ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறிகூடப் போட்டிருந்தது.

குஷன்காரர் அதைப் பார்த்தார்.

"இது எப்ப வெட்டினது?"

"காலையில."

"ரெண்டா?"

அத்தை பிரஷ்ஷை எடுத்தார். குஷன்காரர் விடவில்லை. போன மாதம் வந்த ஜீப்புக்கு? ஆமாம். அதற்கு முந்தின வெள்ளைக் காருக்கு? அதற்கும்தான். அதற்கும் முந்தின வேனுக்கு? அதற்கும். கேள்வி கேள்வியாக அவரே இழுத்தார். அவர் பிடித்த துணிகளில் கை நடுக்கம் மெல்லிய வரிகளாகப் பதிந்துபோயிருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, அட்டையைச் சுவரைப் பார்க்கச் சாத்திவிட்டு, அவரைச் சாப்பிட வைத்துத் தூங்க அனுப்பிவிட்டு, அத்தை எல்லாவற்றையும் உரித்து, முதலிலிருந்து தேய்த்து, வேறு துணி ஒட்டியிருக்கிறார். மூன்று வண்டிகள். வண்டிக்காரர்கள் இவர் முதுகில் தட்டிவிட்டுப் போன மூன்று வண்டிகள்.

"எதிர் முனையை யார் பிடிச்சது? பக்கத்து டயர் கடைப் பையனா?"

அத்தை ஜன்னலைக் கைகாட்டினார். கம்பியிலிருந்து ஒரு கயிறு. அதில் வரிசையாகத் துணி காயப்போடுகிற கிளிப்புகள்.

குஷன்காரர் கயிற்றின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கிளிப்பைத் திறந்து மூடினார். அது டக்கென்று கடித்தது. எவனோ ஒருத்தன் என்றிருந்தால் அவனைப் பற்றி ஒரு கேலி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கிளிப்பைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"கட்டு. எப்படின்னு பாக்குறேன்" என்றார்.

ஒட்டிய துணியை உரித்து, அட்டையைத் திரும்பத் தேய்த்து, திரும்பப் பசை அடித்து, அத்தை அந்த முனையைக் கயிற்றில் கட்டினார். ஆறு கிளிப்புகள். ஒட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே முன்னேறினார். குஷன்காரர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். பெஞ்சு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு இடத்தில் அத்தையின் கை தயங்கியது. இரண்டு முறையும் குஷன்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். துணி நன்றாக வந்தது. எங்கேயும் ஒரு வரிகூட இல்லை.

மூன்று மணிக்கு வண்டிக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்து கூரையைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து குஷன்காரரின் தோளைத் தட்டி, "சும்மா சொல்லலண்ணே, உங்க கை கைதான்" என்றார்.

"நான் தொடல. அவதான் ஒட்டினா" என்றார் குஷன்காரர். "எப்பவும் அவதான்."

வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அத்தனையும் அண்ணிதான், நீங்க சும்மா வாசல்ல நிக்கறீங்க, நான் நம்பிட்டேன்" என்று வண்டியைக் கிளப்பினார். குஷன்காரர் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். இஞ்சின் சத்தத்தில் அது எடுபடாது என்று தெரிந்ததோ என்னவோ, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். நடுங்குகிற கைதான். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு டாட்டா காட்டுவதுபோல்தான் இருந்திருக்கும். வண்டிக்காரரும் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

அத்தை என் பைக் சீட்டை மெஷினில் வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். குஷன்காரர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு வர்ற காருக்கு ஒரு துண்டு வெட்டினாப் போதும்."

அத்தை "சரிங்க" என்றார். நூல் காதில் நுழையவில்லை. நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடியும் கோத்துப் பார்த்தார்.