காக்கிச் சட்டைக்காரி

மகள் அனுப்பியிருந்த துப்பறியும் நாவலை இரண்டே நாளில் முடித்துவிட்டேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு வேறென்ன வேலை? என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது ஃபேன் மட்டும்தான். அந்தத் தனிமை எனக்கு இன்னும் பழகவில்லை. கதை எங்கள் மரக்காணம் உப்பளத்தில் நடக்கிறது என்றதும் சாப்பாட்டைக்கூட மறந்து படித்தேன்.

குறை சொல்லக் கூடாது, எழுதியவர் ஊரை அப்படியே கொண்டுவந்திருந்தார். விடிகாலைப் பனி, பாத்தியில் அசையாமல் நிற்கும் தண்ணீர், கண் கூசும் உப்புக் குவியல்கள். படிக்கப் படிக்க உதடு கரித்தது. முதல் அத்தியாயத்திலேயே பாத்தியில் ஒரு பெண்ணின் பிணம். சட்டை போட்டிருந்ததால் தூரத்திலிருந்து பார்த்த போலீஸ்காரர் ஆண் என்று நினைத்துவிடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே உப்பு வாரப் போகிற எந்தப் பெண் வீட்டுக்காரனின் பழைய சட்டையைப் புடவைமேல் மாட்டாமல் போகிறாள்?

அதை விட்டுவிடலாம். கொன்றது யார் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. செத்தவள் யார் என்றுதான் தெரியவில்லை. யாரோடு சண்டை போடுவாள், எதற்குச் சிரிப்பாள், அந்தச் சட்டை யாருடையது, ஒன்றும் கிடையாது. துப்பறிகிறவனும் பனியை வெறிப்பான், டீ குடிப்பான், அவ்வளவுதான். பனிக்குக் கொடுத்த பக்கத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் மனைவி உப்பு வாரப் போட்டுப் போனது என் பழைய காக்கிச் சட்டை. பஸ் உப்பளத்தைத் தாண்டும்போது படிக்கட்டில் நின்று பார்ப்பேன். அத்தனை பேர் நடுவிலும் காக்கி தனியாகத் தெரியும்.

"ஏம்பா, நம்ம டிபார்ட்மென்ட் ஆளு ஒருத்தர் உப்பு வார்றாரு பாரு" என்பார் டிரைவர்.

நான் கையை ஆட்டுவேன். அவள் ஒருநாளும் பதிலுக்கு ஆட்டியதில்லை. நிமிர்ந்து பார்த்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்துவிடுவாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த நாவல்காரர் செய்யாததை நான் செய்து பார்க்கலாம் என்று கண்ணை மூடி அவளை நினைத்தேன். வெயில் வந்தது, காற்று வந்தது, காக்கிச் சட்டை வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. உடனே மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"புக்கு எப்படிப்பா இருக்குது?"

"அது கெடக்குது. உங்கம்மா எப்படிம்மா சிரிப்பா?"

"சத்தமே வராதுப்பா. பல்லு தெரியுதுன்னு வெக்கம் அதுக்கு. லீவுல அம்மா கூட உப்பளத்துக்குப் போவேன்ல, அங்க சிரிப்பு வந்தா சட்டைக் கையால வாயப் பொத்திக்கும். கையெல்லாம் உப்பா இருக்கும்ல."

ஃபோனை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து அதன் கையை என் வாய்மேல் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அவள் வியர்வை துடைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.